வெறுப்புப் பேச்சும் மட்டுறுத்தலும்

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த சிறு நகரம் கெலிஓயா. சிங்களவரும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும், மலையகத் தமிழரும் ஒரே கடைவீதியிற் கொள்வதும் கொடுப்பதுமாய் வாழும் இடம் அது. அத்தகைய கடைவீதியில் 'தம்பி' என்னும் சொல் நாள்தோறும் பன்முறை ஒலிக்கும். முதிய தமிழ்ப் பெண்ணொருத்தி கடைச் சிறுவனைத் தம்பி என்றழைப்பின் அது வாஞ்சை. முஸ்லிம் முதலாளி தம் கணக்கப்பிள்ளையைத் தம்பி என்பாராயின் அஃது உரிமை. அச்சொல்லே சிங்கள விகுதி பெற்றுத் 'தம்பியா' என ஒரு முஸ்லிமை நோக்கி எறியப்படுமாயின் அஃது இழிவு. இம்மூன்றையும் அவ்வூரிற் பிறந்து வளர்ந்தவன் காதிற் பட்ட அளவிலே பிரித்துணர்வான். அவ்வூரையும் அம்மொழிகளையும் அறியாத ஒருவன் எழுத்தில் மட்டும் கண்டு பிரித்துணர்தல் இயலுமா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள்.

இவ்வினா வெறும் மொழியியல் வினாவன்று. இன்று மக்கள் பேசும் பேச்சிற் பெரும்பகுதி இணையத்தில் நிகழ்கின்றது. முகநூலிலும் வாட்சப்பிலும் மட்டுமன்று, இளைஞர் இரவெல்லாம் ஆடும் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் முதலிய விளையாட்டுகளினூடேயும் அது நிகழ்கின்றது. ஒருவரையொருவர் கண்டறியாத நால்வர் ஓரணியாகச் சேர்ந்து ஆடுவர். ஆடும்போதே பேசுவர், எழுதுவர். தோல்வி நெருங்குங்கால் சினம் எழும். சினத்தோடு சாதியும் சமயமும் இனமும் வாயில் வரும். பெயரைக் கொண்டும் உச்சரிப்பைக் கொண்டும் எதிராளி இன்னார் என்பது ஒரு நொடியில் அறியப்பட்டுவிடுகின்றது. இத்தகைய பேச்சைக் கண்காணித்து, தகாதவற்றை நீக்கி, பேசியவரை எச்சரித்தோ விலக்கியோ ஒழுங்கு செய்தலை இணையத் தமிழர் மட்டுறுத்தல் என்பர். அரசாங்கத்தின் தணிக்கையினின்றும் இது வேறானது. மட்டுறுத்துபவர் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் ஊழியர், அல்லது ஊழியர் எழுதிவைத்த கணினி நிரல்.

தமிழிலக்கணம் இவ்வழியில் முன்னரே சென்றதுண்டு. தொல்காப்பியர் எச்சவியலுள் அவையல் கிளவி என ஒன்றைக் குறித்து, அவையிற் கூறத்தகாத சொல்லை மறைத்துப் பிறிதொரு வாய்பாட்டாற் கூறுதல் மரபென்றார். பின்னையோர் அதனை இடக்கரடக்கல் என்றனர். அங்கே குற்றம் சொல்லின்கண் உள்ளது. இன்ன இன்ன சொற்கள் ஆகா எனப் பட்டியல் வரைந்துவிடின் மரபு காக்கப்பட்டுவிடும். விளையாட்டு நிறுவனங்கள் முதலிற் கையாண்டதும் இம்முறையே. தடைசெய்த சொற்களின் பட்டியலொன்றைக் கணினியிடம் கொடுத்து, அவற்றுள் ஒன்று தோன்றியவுடன் உடுக்குறிகளால் மறைக்குமாறு செய்தனர். இடக்கருக்கு இது ஒருவாறு பொருந்தும். வெறுப்புப் பேச்சுக்குப் பொருந்தாது.

பட்டியல் முறையின் பேதைமைக்கு இங்கிலாந்தில் வழங்கும் எடுத்துக்காட்டொன்றுண்டு. ஸ்கன்தோர்ப் என்னும் ஊர்ப்பெயரின் எழுத்துகளுக்கிடையே ஆங்கில இடக்கர்ச் சொல்லொன்று தற்செயலாக அமைந்து கிடக்கின்றது. 1996ஆம் ஆண்டில் ஏ.ஓ.எல். என்னும் அமெரிக்க இணைய நிறுவனத்தின் நிரல், அவ்வூரார் தம் ஊர்ப்பெயரை எழுதிக் கணக்குத் தொடங்கவொட்டாது தடுத்துவிட்டது. ஓர் ஊரே கெட்ட சொல்லாகிப் போயிற்று. இது நகைப்புக்கு இடமான பிழை. நகைப்புக்கு இடமில்லாத பிழை மலைநாட்டார்க்கு அணித்தாகவே உள்ளது. 'கள்ளத்தோணி' என்னும் சொல்லை அகராதி கொண்டு பிரித்தால் கள்ளமும் தோணியும் கிடைக்கும். இரண்டும் எப்பட்டியலிலும் ஏறா. ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அச்சொல்லைப் பல்லாண்டு கேட்டுத் தலைகுனிந்தனர். உரிய தாள்களுடன் கப்பலேறி வந்தோரின் பேரப்பிள்ளைகளும் அதற்குத் தப்பவில்லை. 'தோட்டக்காட்டான்' என்பதும் அவ்வாறே. பின்னதைச் சொன்னவர் பிறமொழியாளர் அல்லர், தமிழரே என்பதையும் மறைத்தற்கில்லை. சிங்களத்தில் 'தெமள' என்பது தமிழின் பெயரும் தமிழரின் பெயருமாம். அதன் முன்னே 'பற' என்னும் ஓரசை வந்து கூடிய அளவில் அது வசையாகின்றது. இச்சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் ஆளுக்கொரு விதமாக எழுதுவர் என்பதையும் சேர்த்து நோக்கின், பட்டியல் எத்துணை நீண்டாலும் போதாது என்பது தெளிவாம்.

இனி, இழிசொல் ஒன்றேனும் இல்லாத வெறுப்புப் பேச்சும் உண்டு. கொடியது அதுவே. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் தேதியிரவு தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலர்க்கும் சிங்கள லொறிச் சாரதி ஒருவர்க்கும் நேர்ந்த தகராற்றில் அச்சாரதி தாக்கப்பட்டு, மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிர்நீத்தார். அதையடுத்துத் திகனவில் மூண்ட தீ, கண்டி மாவட்டத்தின் பல ஊர்களிலே முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் பற்றியது. எரிந்த வீட்டினுள் இளைஞர் ஒருவர் மாண்டார். அந்நாட்களிற் பரவிய காணொளி ஒன்றில் தீவிரவாத இயக்கமொன்றின் தலைவர் திகன நகரில் நடந்துகொண்டே பேசுகின்றார். இந்நகரில் சிங்களவர்க்குரிய கடைகள் இருபதுகூட இல்லை, இவ்வூர் முஸ்லிம்களின் ஊராகிவிட்டது, இதனை எப்போதோ கவனித்திருத்தல் வேண்டும் என்பதே அப்பேச்சின் சாரம். வசை எங்கே? கடைகளின் கணக்கன்றோ அது! திகனவின் தெருவில், அந்தக் கிழமையில், அக்கணக்கு யாது செய்யும் என்பதை அறிந்தோர் அவ்வூரார். அதனைத் தொலைவிலிருந்து படித்த சோதனையாளர் ஒரு வணிகப் புள்ளிவிவரம் என்று கருதினும் வியப்பில்லை.

வசை வெளிப்படையாக இருந்த இடத்தில் நிகழ்ந்தது அதனினும் வியப்பு. முஸ்லிம்களைக் கொல்லுக, சிசுவையும் விடற்க என்னும் கருத்துடைய சிங்களப் பதிவொன்றைக் கண்ட பயனர் ஒருவர் கலவரம் நடந்துகொண்டிருந்த அந்நாட்களிலேயே முகநூலுக்கு முறையிட்டார். சில நாள் கழித்து, அப்பதிவு தம் விதி எதனையும் மீறவில்லை எனப் பதில் வந்தது. சிங்களம் அறிந்த சோதனையாளர் போதிய அளவு இல்லாமையே இதற்குக் காரணம். எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று நிறுவனம் கூறுதற்கும் இடமில்லை. கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014ஆம் ஆண்டிலேயே இருபது சிங்கள முகநூற் குழுக்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருந்தது. தடுக்க வேண்டிய நேரத்திற் சொல்லொன்றும் தடுக்கப்படவில்லை. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது; மறுநாள் அரசாங்கம் முகநூலையும் வாட்சப்பையும் முழுதாக அடைத்து ஒரு கிழமைக்கு மேல் வைத்திருந்தது. வெறுப்பை எழுதியோர் மாற்றுவழிச் செயலிகளால் உள்ளே நுழைந்தனர். உறவினர் உயிரோடிருக்கின்றனரா என அறிய விழைந்த எளியோர்க்கே வாயில் மூடியிருந்தது.

தீ பற்றிய பின்னர்க் கதவடைக்கும் இவ்வழக்கம் கண்டிக்குப் புதிதன்று. கெலிஓயாவுக்குச் சில மைல் தெற்கேயுள்ள கம்பளையிலே 1912ஆம் ஆண்டில் வல்லஹாகொட தேவாலயத்துப் பெரஹரா பற்றி ஒரு வழக்கு எழுந்தது. ஊர்வலம் அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்குங்கால் பறையும் குழலும் ஓய்ந்திருத்தல் வேண்டும் என அதிகாரிகள் நிபந்தனை விதித்தனர். 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கை தம் சமய உரிமையைக் காத்துள்ளது எனத் தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்காடினார். கண்டி மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் 1914இல் அவர் சார்பாகத் தீர்த்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கு நடந்த காலமெல்லாம் கரையோரச் சோனக வணிகரை அந்நியரென்றும் உறிஞ்சுவோரென்றும் சாடும் எழுத்துகள் சிங்களப் பத்திரிகைகள் சிலவற்றில் வெளிவந்தன. அநகாரிக தர்மபாலர் நிறுவிய சிங்கள பௌத்தயா அவற்றுள் ஒன்று. 1915 மே 28ஆந் தேதி, வெசாக் இரவில், கண்டியில் கலகம் வெடித்தது. புகையிரதப் பாதையை ஒட்டியே அது ஊரூராகப் பரவியமை வரலாற்றாசிரியர் குறித்துள்ள செய்தி. வதந்தி அன்று இரயிலேறிச் சென்றது. இராணுவச் சட்டமும் பத்திரிகைத் தடையும் அதன் பின்னரே வந்தன; வந்தபோது குற்றவாளியையும் குற்றமற்றவரையும் ஒருங்கே வருத்தின. அக்கொடுமையைக் கண்டித்துச் சட்டநிரூபண சபையிற் பேசி, 1916இல் இலண்டனில் நூலும் வெளியிட்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

அவ்வாறாயின் சட்டத்தைக் கடுமையாக்குதல் போதாதோ எனின், சட்டம் ஏற்கெனவே கடுமையாகத்தான் உள்ளது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை ஒட்டி இயற்றப்பட்டது. இன, சமய வெறுப்பைப் பரப்பிப் பகைமையையோ வன்முறையையோ தூண்டுவோர்க்குப் பத்தாண்டு வரை கடூழியச் சிறை என்பது அதன் 3ஆம் பிரிவு. அதனால் அகப்பட்டோர் யாவர் என்பதே நோக்கற்பாலது. 2019 மே மாதத்தில், ஹசலக்கவைச் சேர்ந்த முஸ்லிம் பெண்ணொருவர் தம் ஆடையில் அச்சிட்டிருந்த கப்பற் சுக்கான் சக்கரம் தர்மசக்கரமாகக் கருதப்பட்டமையால் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். 2020 ஏப்ரலில், கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர் ஒருவர், பேனாவையும் விசைப்பலகையையுமே ஆயுதமாகக் கொண்ட கருத்தியல் 'ஜிஹாத்' வேண்டும் என முகநூலில் எழுதியமைக்காகக் கைதாகி ஐந்து மாதத்துக்கு மேல் அடைபட்டிருந்தார். வன்முறை வேண்டா என்பதே அவ்வெழுத்தின் கருத்து. பொலிஸாரின் கண்ணிற்பட்டது அவ்வொரு சொல்லே. அக்கைது சட்டத்துக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்த்தது 2023இல். கணினி நிரல் ஸ்கன்தோர்ப்பிற் செய்த பிழையும் இஃதும் ஒரே இனத்தன. கணினியின் பிழையால் எவரும் சிறைசெல்லவில்லை என்பதே வேறுபாடு. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றிடம் இணையக் கூற்றுகளின் மெய்ம்மையை ஆயும் அதிகாரத்தை ஒப்படைத்தது. ஐவர் எத்தனை கடைவீதிகளின் பேச்சை அறிவர் என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

விளையாட்டுலகில் மாற்றுமுறை ஒன்று முயலப்பட்டது. கல்லூரி மாணவர் அதனை அறிந்திருத்தல் நன்று. லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் என்னும் விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் தீர்ப்பாயம் என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு மன்றத்தைத் தொடங்கியது. முறையிடப்பட்ட ஆட்டக்காரரின் உரையாடல் முழுவதும், ஆட்டம் நடந்த விதமும், பிற ஆட்டக்காரர் முன் வைக்கப்படும். அவர்கள் படித்துத் தண்டிக்க என்றோ மன்னிக்க என்றோ வாக்களிப்பர். நம் ஊர்ப் பஞ்சாயத்தை ஒத்தது இது. ஒரு சொல்லைத் தனியே பிடுங்கி எடுத்துக் காட்டாது, முன்னும் பின்னும் உள்ளதைக் காட்டியமை இதன் சிறப்பு. நீதிபதிகள் அந்த ஆட்டத்தின் வழக்காற்றை அறிந்தோராய் இருந்தமை அதனினும் சிறப்பு. குறைகளும் இருந்தன. முறையீட்டுக்கும் தண்டனைக்கும் இடையே நெடுநாள் கழிந்தது. 2014இல் அது நிறுத்தப்பட்டுக் கணினி நிரல் அவ்விடத்தை மேற்கொண்டது. விரைவு வேண்டும் என்பதே காரணம். ஆயின் விரைவை வேண்டி அறிவைக் கைவிடுதல் எல்லா இடத்தும் தகுமா என்பது ஆராய்தற்குரியது. ஆட்டத்தில் தோற்றவனின் வசை நாளை மறக்கப்படும். திகனக் காணொளி அத்தகையதன்று.

திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது அவையறிதலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். சொல்லின் தகுதியைச் சொல்லைக் கொண்டு மட்டுமன்றி, சொல்லப்படும் அவையைக் கொண்டும் அறிதல் வேண்டும் என்னும் நோக்கு அவ்வைப்பு முறையிற் புலனாகும். மட்டுறுத்துவோர்க்கு இவ்வறிவு இருவகையில் வேண்டும்: மொழியறிவு ஒன்று, இடத்தறிவு மற்றொன்று. சிங்களம் நன்கு கற்ற ஒருவர் வேறொரு நாட்டில் அமர்ந்து 'தம்பியா' என்பதன் அகராதிப் பொருளைக் கூறிவிடுவார். அன்று காலை அவ்வூரிற் கடையொன்று எரிந்ததை அறியார். இவ்வறிவு கிட்டாத விடத்துச் சொல்லை ஆராயாது அதன் ஓட்டத்தை மட்டும் தணித்தலும் ஒரு வழி. வாட்சப் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐவர்க்கு மேல் மறுவிடுகை செய்யவொட்டாது 2019இல் உலகெங்கும் வரம்பிட்டது இவ்வகையினது. செய்தி மெய்யோ பொய்யோ என அது கேட்பதில்லை; விரைவை மட்டும் குறைக்கின்றது. 1915இல் இரயிலை ஒருநாள் நிறுத்தியிருப்பின் என்னாகியிருக்கும் என எண்ணுவார்க்கு இதன் பயன் விளங்கும்.

முகநூல் நிறுவனம் 2018 நிகழ்ச்சிகளில் தன் தளம் ஆற்றிய பங்கை வெளியாரைக் கொண்டு ஆராய்வித்து, 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. சிங்களமும் தமிழும் அறிந்த சோதனையாளரை மிகுவித்ததாகவும் கூறியது. அச்சோதனையாளர் எவ்வூரார், நாளொன்றுக்கு எத்தனை பதிவுகளைப் படிக்கின்றனர், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி பெறுகின்றனர் என்பவற்றைக் கேட்டறியும் உரிமை, அப்பதிவுகளால் வீடிழந்த திகனவார்க்கு இன்னும் வழங்கப்படவில்லை.