காற்றுத் துப்பாக்கியின் குழலும் குறிநோக்கியும் இசைதல்

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் 2019-ஆம் ஆண்டு உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். இத்தகைய செய்திகளைக் கேட்டு, நம் அங்கத்தினர் இல்லங்களிலும் பிள்ளைகள் இவ்விளையாட்டில் ஆர்வங் கொள்வது இயல்பே. சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் துப்பாக்கி ஒன்றும், அதன்மேல் பொருத்தும் குறிநோக்கி ஒன்றும் வாங்கித் தரும் பெற்றோரும் உளர். ரவை குறியில் படாதபோது, “கை நிலையாக இல்லை, கவனம் போதாது” என்று பிள்ளையையே கடிந்துகொள்கின்றனர். பிழை பல வேளைகளில் பிள்ளையிடம் இல்லை; குழல் நோக்கும் திசையும் குறிநோக்கி காட்டும் திசையும் இசையாமையே காரணம். அவற்றை இசைவிக்கும் முறையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதற்கண் இரு செய்திகள். உலகப் போட்டிகளில் 10 மீட்டர்ப் பிரிவில் வில்லை பொருத்திய தொலைநோக்கிக் குறிநோக்கிக்கு அனுமதி இல்லை. துளை வழியே பார்க்கும் குறிநோக்கியே அங்குப் பயன்படும். நாம் இங்குக் கூறுவது, ‘ஸ்கோப்’ என வழங்கும் தொலைநோக்கி பொருத்திய, குழலை மடக்கி ரவையிடும் சுருள்வில் துப்பாக்கியைப் பற்றியதாகும். மேலும், பயிருக்கு இடையூறு செய்கின்றன என்று மயிலையோ கிளியையோ சுடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். காகிதக் குறியைச் சுடுவதே நம் பேச்சு. துப்பாக்கி வாங்குமுன், உரிமம் பற்றி 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுவதையும் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டு கோடுகள்

குழலின் நடுவே செல்வது ஒரு கோடு. குறிநோக்கியின் நடுவே செல்லும் பார்வை மற்றொரு கோடு. குறிநோக்கி குழலுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் மேலே அமர்ந்திருக்கிறது. ஆகவே, புறப்படும்போதே ரவை பார்வைக் கோட்டுக்கு 4 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. அன்றியும், புவியீர்ப்பினால் வழிநெடுகத் தாழ்ந்துகொண்டே செல்கிறது. 4.5 மில்லிமீட்டர் ஈய ரவை வினாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், 10 மீட்டரில் சுமார் 1 சென்டிமீட்டரும், 25 மீட்டரில் சுமார் 6 சென்டிமீட்டரும் தாழும்.

இதனால், 25 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கி 10 மீட்டரில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் தாழ்வாகச் சுடும். பின் ரவை பார்வைக் கோட்டைக் கடந்து சற்றே உயர்ந்து, 25 மீட்டரில் மீண்டும் அக்கோட்டை வந்து சேரும். தூரத்துக்கேற்ப மேல் கீழாக மாறுவது இயற்கை, அது பிழையன்று. காற்றில்லாத இடத்தில், தூரத்துக்கேற்ப வலம் இடமாக மாறுமாயின் அதுவே பிழை. இவ்வேறுபாட்டை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும்.

பொருத்தும் முறை

துப்பாக்கியில் ரவை இல்லை என்பதை உறுதி செய்துகொண்டே வேலையைத் தொடங்குக. குழலைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். மூடிய நிலையில் அது ஆடினால், எத்தகைய விலையுயர்ந்த குறிநோக்கியும் பயன் தராது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்த பின்னரே மேலே செல்லலாம். மரக்கட்டையைப் பிணைக்கும் திருகுகளையும் முடுக்கிவிடுக.

சுருள்வில் துப்பாக்கி சுடும்போது முதலில் பின்னுக்கும், உடனே முன்னுக்கும் அதிர்கிறது. இவ்விருவகை அதிர்ச்சியையும் தாங்குமென்று குறிப்பிட்டு விற்கப்படும் குறிநோக்கியையே வாங்க வேண்டும். பிடிப்பு வளையங்கள் பின்னோக்கி நகராதபடி தடுப்பு முளையும் இருத்தல் அவசியம்.

குறிநோக்கியில் இரு திருகுகள் உண்டு. ஒன்று குறுக்குக் கம்பிகளை மேல் கீழாகவும், மற்றொன்று வலம் இடமாகவும் நகர்த்தும். ஒவ்வொன்றையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருகி, எத்தனை சொடுக்குகள் என்று எண்ணி, பாதி எண்ணிக்கைக்குத் திருப்பி நடுவில் நிறுத்துக. பிறர் திருகிவிட்ட நிலையிலேயே வேலையைத் தொடங்கலாகாது.

அடுத்து, 10 மீட்டர் தொலைவில் ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுக. துப்பாக்கியை ஒரு பக்கமும் சாயாமல் நிமிர்த்தி வைத்துக் குறிநோக்கி வழியே பார்க்கும்போது, நெடுக்குக் கம்பியும் தொங்கும் நூலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் வளையங்களைத் தளர்த்திக் குறிநோக்கியைச் சுழற்றிச் சரிசெய்க. பின்னர் வளையத் திருகுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி முடுக்குக.

சோதனை

பின்னால் கனத்த தடுப்பு வைத்து, எவரும் குறுக்கே வாராத இடத்தில், கண்ணாடி அணிந்து சுட வேண்டும். ஒரே வகை ரவையையே பயன்படுத்துக. குழலைக் கடினமான பொருளின்மேல் சார்த்தாமல், கட்டையின் முன்புறத்தை உள்ளங்கையில் தளர்வாக ஏந்துக. ஒரே புள்ளியைக் குறிவைத்து 5 முறை சுட்டு, துளைகளின் நடுவிடத்தைக் காண்க. ஒற்றைத் துளையைக் கொண்டு முடிவு செய்தல் தகாது. ஐந்தும் சிதறி விழுந்தால், பிழை திருகில் இல்லை. தளர்ந்த பிடிப்பிலோ, ரவையிலோ, சுடுபவர் கையிலோ உளது.

திருகுகள் நடுவில் இருக்கும்போது 10 மீட்டரில் ரவை சுமார் 5 சென்டிமீட்டர் தாழப் படுவது இயல்பு. 4 சென்டிமீட்டர் குறிநோக்கியின் உயரம், 1 சென்டிமீட்டர் ரவையின் தாழ்வு. இது 9 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால், குழல் தன் தாங்கியைவிடக் கால் பாகை அளவு கீழ்நோக்கி இருக்கிறது என்று பொருள். மடக்குக் குழல் துப்பாக்கிகளில் இக்குறை அடிக்கடி காணப்படுவது. கால் பாகைதானே என்று எண்ணலாகாது. 25 மீட்டரில் அது 11 சென்டிமீட்டர் ஆகிவிடும்.

பலர் இங்கேதான் தவறுகின்றனர். குறிநோக்கியின் திருகையே திருகித் திருகி இதனை ஈடுசெய்ய முயல்கின்றனர். சாதாரணக் குறிநோக்கியில் ஒரு சொடுக்கு 25 மீட்டரில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர்த்தும். 11 சென்டிமீட்டருக்கு 60 சொடுக்குகள் தேவை. திருகு கோடிக்கு அருகே சென்றுவிட்டால் உள்ளிருக்கும் வில் தளர்ந்து, ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் கம்பிகள் இடம் மாறும். வலம் இடமாக நகர்த்தவும் இடமிராது. இன்று சரியாகச் சுட்டது நாளை தவறும்.

தொடக்க இருப்பே தவறான கணக்கை, ஆண்டு முடிவில் ‘சரிக்கட்டும் பதிவு’ ஒன்றைப் போட்டு நேர் செய்வது எத்தகையதோ, அத்தகையதே இதுவும். பாவு சுற்றிய உருளையும் துணி சுற்றும் உருளையும் இணையாக இல்லாவிடில், ஊடையை இழுத்து இழுத்து நேராக்க எந்த நெசவாளரும் முயலார், உருளையையே திருத்துவார்.

இங்கும் அவ்வாறே பிடிப்பைத் திருத்த வேண்டும். இரு வளையங்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருக்குமானால், பின்புறத்தை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தினாலே கால் பாகை சரியாகிவிடும். சிறு குறைக்குப் பழைய புகைப்படச் சுருளின் ஒரு துண்டைப் பின் வளையத்தின் அடியில் இடலாம். பல துண்டுகளை அடுக்கி முடுக்கினால் குறிநோக்கியின் உடல் வளைந்து கெடும். பெருங் குறைக்குச் சாய்வுடன் செய்யப்பட்ட பிடிப்பு வளையங்கள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குவதே நன்று. குழலை வளைத்து நேராக்கும் முயற்சி வேண்டாம்.

இனி, 25 மீட்டரில் நடுவிடத்துக்குச் சரிசெய்துவிட்டு, ஒரு நெடுங்கோடு வரைந்த காகிதத்தை 10, 15, 20, 25 மீட்டரில் மாற்றி மாற்றி வைத்துச் சுடுக. துளைகள் யாவும் கோட்டின்மேல் விழுந்தால் குழலும் குறிநோக்கியும் இசைந்தன என்று கொள்ளலாம். அருகில் ஒரு பக்கம் விலகி, தொலைவு கூடக் கூடக் கோட்டை நெருங்குமாயின், குறிநோக்கி சுழன்றோ பக்கம் சாய்ந்தோ பொருந்தியிருக்கிறது. வளையங்களைக் கழற்றி, தொங்கும் நூலிலிருந்து மீண்டும் தொடங்குக. நுண்ணிய மீதிப் பிழைக்கு மட்டுமே திருகு.

ஒருமுறை சரிசெய்தது என்றும் நிலைக்கும் என்று இருந்துவிடலாகாது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர்ப் பிரிவின் இறுதிச் சுற்றுக்குமுன் அபினவ் பிந்த்ரா சுட்ட சோதனை ரவை வெகுவாக விலகிப் பட்டது. அவர் தம் கையை ஐயுறவில்லை. கிடைத்த சிறிது நேரத்தில் குறிநோக்கியைத் திருத்தினார். பின்னர், இந்தியாவுக்குத் தனிநபர்ப் பிரிவில் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தார்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: ரவை விலகினால், முதலில் கருவியைச் சோதியுங்கள். கருவி சரியானது என்று அறிந்த பிள்ளைதான் தன் பிழை எது என்பதை உணர்ந்து திருந்த முடியும். குறை எங்கே பிறந்ததோ அங்கேயே அதனைக் களைவது துப்பாக்கிக்கும் பொருந்தும், தறிக்கும் பொருந்தும், சங்கத்தின் கணக்கேட்டுக்கும் பொருந்தும்.