எந்தக் கல்லூரி கிடைக்கும்? மலைப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

2025 ஜூன் மாதம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. சேலம் மாவட்டப் பக்கம் உள்ள கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர், ஐஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் பழங்குடியினர் பட்டியலில் 417-ஆம் இடம் பிடித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பச்சைமலையின் பழங்குடி மாணவி ஒருவர் திருச்சி என்ஐடியில் இடம் பெற்றிருந்தார்.

கல்வராயன் மலையின் கள்ளக்குறிச்சி பக்கம், வெள்ளிமலை, கரியாலூர் பகுதிகளில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் பலர் இன்னும் "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது" என்று விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். மதிப்பெண் குறைவு என்பதைவிட, தன் மதிப்பெண்ணுக்கு எது கிடைக்கும் என்று கணக்குப் போடத் தெரியாததே இங்கே பெரிய தடை. அந்தக் கணக்கு கடினமானதல்ல.

எந்தப் பட்டியலைப் பார்ப்பது?

மேலே சொன்ன 417 பொதுப் பட்டியலின் எண் அல்ல, பழங்குடியினர் பட்டியலின் எண். ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களில் பழங்குடியினருக்கு 7.5 சதவீத இடங்கள் உண்டு. அந்த இடங்களுக்குப் பழங்குடி மாணவர்கள் தங்களுக்குள்தான் போட்டியிடுகிறார்கள். எனவே கலந்தாய்வு இணையதளத்தில் சென்ற ஆண்டு கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசையைப் பார்க்கும்போது, பழங்குடியினர் வரிசையைத்தான் பார்க்க வேண்டும். பொதுப் பிரிவு எண்ணைப் பார்த்து மலைத்துப்போவது வீண். என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநில மாணவர்களுக்கு என்பதால், திருச்சி என்ஐடி நமக்கு இன்னும் சற்று அருகில் வருகிறது. பிளஸ் டூவில் பழங்குடி மாணவர்கள் 65 சதவீதம் எடுத்திருந்தால் இவற்றில் சேரத் தகுதி உண்டு.

தமிழக அரசின் இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம்தான். இங்கேயும் 7.5 என்ற எண் வரும். அது வேறு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த எல்லாச் சமூக மாணவர்களுக்குமான உள் ஒதுக்கீடு அது. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் இருக்கிறது. பழங்குடியினர் ஒதுக்கீடு, அரசுப் பள்ளி உள் ஒதுக்கீடு இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

கட்-ஆஃப் போடுவது எப்படி?

பொறியியலுக்குத் தமிழகத்தில் நுழைவுத் தேர்வு இல்லை. 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். கணித மதிப்பெண் முழுதாக வரும். இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. ஒரு மாணவி கணிதத்தில் 76, இயற்பியலில் 68, வேதியியலில் 72 எடுத்தால் 76, 34, 36 என்று கூட்டி 146. இந்த எண்ணை வைத்துக்கொண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பொதுப் பிரிவு எங்கே முடிந்தது என்று தேடினால் மனம்தான் உடையும். கல்லூரி, பாடப்பிரிவு, சமூகம் வாரியாகச் சென்ற ஆண்டுகளின் கடைசி கட்-ஆஃப் வெளியிடப்படுகிறது. அதில் தன் சமூகத்தின் வரிசையை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஆண்டை நம்ப வேண்டாம். கணித வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும். அப்போது மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்தான் நம்பகமானது.

பிறகு கல்லூரிகளை மூன்றாகப் பிரிக்கலாம்: கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்க நல்ல வாய்ப்பு, நிச்சயம் கிடைக்கும். விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி, ஆரணி ஆகிய ஊர்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளும், சேலத்திலும் தருமபுரியிலும் அரசு பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. இவற்றைத் தனியார் கல்லூரிகளுக்கு முன்னால் பரிசீலிக்க வேண்டும்.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை எழுதாமலே விடுகிறார்கள். இடம் ஒதுக்கும் முறை பட்டியலின் மேலிருந்து கீழே இறங்கி வரும். முதலிடத்தில் ஆசைப்பட்ட கல்லூரியை எழுதியதால் பத்தாவது கல்லூரி கைவிட்டுப் போகாது. எனவே விரும்பும் வரிசையிலேயே எழுத வேண்டும், நிறைய எழுத வேண்டும். இடம் ஒதுக்கியபின் அதை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள கல்லூரிக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. குறித்த நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால்தான் இடம் போய்விடும்.

மருத்துவம்: உண்மை நிலவரம்

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் 150 எம்பிபிஎஸ் இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 சதவீதம் போக மாநிலத்துக்கு 128 வாக்கில் மிஞ்சும். அதில் 1 சதவீதம் என்றால் ஓரிடம் சொச்சம். ஊரில் கல்லூரி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் நீட்டை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது சரியல்ல. ஒரு முறை கூடுதலாக முயலலாம். அதற்குள் செவிலியர், மருந்தியல், ஆய்வக நுட்பப் படிப்புகளுக்கும் விண்ணப்பித்து வைக்க வேண்டும்.

மாற்றுப் பாதைகள்

பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழையலாம். மொத்தம் ஐந்து ஆண்டு. நேரடியாகப் பி.இ. படிப்பதைவிட ஓராண்டுதான் கூடுதல். நடுவில் டிப்ளமோ கையில் இருப்பதால் வேலைக்கும் போகலாம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்க முடியும். சட்டம் படிக்க விரும்புவோருக்கு விழுப்புரத்திலும் சேலத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன.

பணத்துக்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. உள் ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என 2021-இல் அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவிகள் உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தொடங்கின.

சான்றிதழை முதலில் வாங்குங்கள்

இத்தனை கணக்கும் ஒரு தாளில் நிற்கிறது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தருபவர் வட்டாட்சியர் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணைக்கு நாளாகும். பிளஸ் டூ முடிவு வந்தபின் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு ஓடினால் கலந்தாய்வு முடிந்துவிடும். பிளஸ் ஒன் சேர்ந்ததுமே பெற்றோர் இதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

மலைப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைத்து, இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். அரை மணி நேர வேலைதான். கருமந்துறையில் நடந்தது வெள்ளிமலையிலும் நடக்கும்.