தலைச்சுமையும் ஐந்து நட்சத்திரமும்



புனே நகரத்தின் இராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். ஹிஞ்சவடி, கராடி முதலிய இடங்களில் கணிப்பொறி அலுவலகங்கள் எழுந்தபின் குடியேறியவரும் பலர். இவர்தம் இல்லங்களில் துவரம் பருப்போ கறிவேப்பிலையோ தீர்ந்துபோனால், பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடக்கும் வழக்கம் அருகி வருகிறது. கைப்பேசியைத் தொட்டால் உலை கொதிக்குமுன் வாசல் மணி ஒலிக்கிறது. அந்த மணியை அடிப்பவர் எவ்வாறு பிழைக்கிறார் என்பதை இன்று சற்று நோக்குவோம்.

சென்ற ஆடி மாதத்தில், நல்ல மழையில், கோத்ரூடில் உள்ள என் வீட்டுக்கு ஓர் இளைஞர் இட்லி மாவு கொண்டுவந்தார். மின்தூக்கியில் ஏறக் காவலர் இசையாமையால் நான்கு மாடிகளையும் படியேறியே வந்திருந்தார். பொட்டலத்தைத் தந்தபின் சற்றுத் தயங்கி, "காகா, பாச் ஸ்டார் த்யா" என்று மராத்தியில் கேட்டுக்கொண்டார். அவர் இனாம் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஐந்து நட்சத்திரம் கேட்டார். கூலிக்காரர் ஒருவருக்குக் கைப்பேசியில் தோன்றும் நட்சத்திரம் எதற்கு?

இத்தொழில் நடைபெறும் முறையை அறிந்தால் இது விளங்கும். பொருள்கள் வருவது நாம் அறிந்த கடையிலிருந்து அன்று. வாடிக்கையாளர் எவரும் நுழையாத கிடங்கிலிருந்து. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் மாற்றினால் 'இருட்டுக் கடை' என்றே வரும். நம்மவர்க்கு அச்சொல்லைக் கேட்டவுடன் திருநெல்வேலி அல்வா நினைவுக்கு வருதல் இயல்பே. இந்த இருட்டுக் கடையின் வாசலில் இளைஞர்கள் தம் வண்டிகளுடன் காத்திருக்கின்றனர். ஓர் ஆர்டருக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு, குறித்த மணி நேரத்தில் இத்தனை ஆர்டர்களை முடித்தால் ஊக்கத்தொகை இவ்வளவு என்பதே கூலிக் கணக்கு. மாதச் சம்பளம் என்பது இல்லை. வண்டியும் பெட்ரோலும் கைப்பேசிக் கட்டணமும் அவர் பொறுப்பு. விகிதத்தை மாற்றும் உரிமையோ நிறுவனத்தின் கையில். 2023 ஏப்ரலில் தில்லிப் பகுதியில் பிளிங்கிட் நிறுவனம் ஓர் ஆர்டருக்கான அடிப்படைக் கூலியை 25 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைத்தபோது, தொழிலாளர் வண்டிகளை நிறுத்திவிட்டனர். கிடங்குகள் பல அடைபட்டன.

இனி நட்சத்திரத்துக்கு வருவோம். நாம் இடும் மதிப்பெண்கள் திரண்டு அவருடைய தகுதியாகின்றன. பல நிறுவனங்களில் அத்தகுதி குறைந்தால், வருவாய் மிகுந்த வேளைகள் முதலில் பிறர்க்குச் செல்கின்றன. மேலும் குறைந்தால் அவருடைய கணக்கே முடக்கப்படலாம். கிடங்கில் ஒருவர் சரியாகக் கட்டாத பால் பை ஒழுகுகிறது. சினந்த இல்லத்தார் ஒற்றை நட்சத்திரம் இடுகின்றனர். அது கட்டியவரைச் சேர்வதில்லை, கொணர்ந்தவரையே சேர்கிறது. கட்டியவர் முகத்தை நாம் கண்டதே இல்லையே! இவ்வகைக் கணக்குகளை நீதிமன்றம் ஆராய்ந்ததும் உண்டு. இத்தாலியின் பொலோனியா நகர நீதிமன்றம், டெலிவரூ நிறுவனம் பணியாளரைத் தரப்படுத்திய முறையைப் பாகுபாடு உடையதென 2020 இறுதியில் தீர்த்தது. நோயுற்று வராதவரையும் சோம்பி வராதவரையும் அந்த இயந்திரக் கணக்கு ஒன்றாகவே எண்ணியதே குற்றம்.

டிப்ஸ் என்னும் இனாமைப் பற்றி நம்மவர் பலர்க்கு ஒரு மயக்கம் உண்டு. கூலி குறைவாயினும் இனாம் ஈடு செய்யும் என்பர். ஜொமாட்டோ, பிளிங்கிட் இரண்டையும் நடத்தும் எட்டர்னல் நிறுவனத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி தீபிந்தர் கோயல் 2026 ஜனவரியில் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாக்கும். 2025-இல் ஜொமாட்டோவில் ஒருவர் ஈட்டியது சராசரியாக மணிக்கு 102 ரூபாய். எரிபொருள் முதலிய செலவு அதிலேதான். இனாமாகக் கிடைத்தது மணிக்கு 2 ரூபாய் 60 காசு. பிளிங்கிட்டில் நூறு ஆர்டர்களில் இனாம் பெற்றவை இரண்டு அல்லது மூன்றே. அமெரிக்காவில் மற்றொரு விந்தை நிகழ்ந்தது. இன்ஸ்டாகார்ட், டோர்டேஷ் நிறுவனங்கள் வாடிக்கையாளர் தந்த இனாமைக் கூலியில் கழித்துக்கொண்டன என்பது வெளிப்பட்டு, 2019-இல் அம்முறையைக் கைவிட நேர்ந்தது. ஆகவே கையில் தரும் இருபது ரூபாய்க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதை எந்தக் கணக்கும் கழிக்க இயலாது. ஆயினும் அது கூலி ஆகாது.

நிறுவனங்கள் இவர்களைத் தொழிலாளர் என அழைப்பதில்லை, 'பங்காளர்' என்கின்றன. இதைக் கேட்கும் புனேவாசிக்கு ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வர வேண்டும். பவானி பேட்டை மளிகைச் சந்தையில் மூட்டை சுமந்த ஹமால்களைப் பற்றியும் வணிகர் இதையே கூறினர். "இவன் இன்று எனக்குச் சுமப்பான், நாளை வேறொருவர்க்குச் சுமப்பான், நான் எப்படி முதலாளி ஆவேன்?" என்பது அவர்கள் வாதம். மருத்துவரான பாபா ஆடாவ் 1950-களில் அவர்களை ஹமால் பஞ்சாயத்து என்னும் சங்கமாகத் திரட்டினார். 1969-இல் மகாராஷ்டிர அரசு மாதாடிச் சட்டத்தை இயற்றியது. மராத்தியில் 'மாதா' என்பது தலை. மாதாடி என்பவர் தலைச்சுமையாளர். அச்சட்டம் முதலாளி யார் என்னும் வழக்கில் சிக்காமல், வணிகரும் சுமப்பவரும் ஒரு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டுமென விதித்தது. வணிகர் கூலியோடு ஒரு தீர்வையையும் சேர்த்து வாரியத்தில் செலுத்துவர். வாரியம் கூலியை வழங்கி, வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, மருத்துவ உதவி ஆகியவற்றையும் கவனிக்கும். பல முதலாளிகளுக்கு உழைப்பவர்க்கும் முதுமைக்காலச் சேமிப்பு இருத்தல் கூடும் என்பதை அந்த ஏற்பாடு மெய்ப்பித்தது.

இன்றைய சட்டங்கள் அவ்வழியில் சில அடிகள் வைத்துள்ளன. 2020-இல் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி, இந்நிறுவனங்கள் ஆண்டு விற்பனை வரவில் 1 முதல் 2 விழுக்காடு வரை நலநிதிக்கு அளித்தல் வேண்டும். தொழிலாளர்க்குத் தரும் தொகையில் 5 விழுக்காட்டுக்கு அது மேற்படாது. ஓர் ஆர்டருக்குக் குறைந்த கூலி எது என்பதை அது உரைக்கவில்லை. இத்துறைக்கென முதன்முதலில் சட்டம் செய்தது இராஜஸ்தான், 2023-இல். கர்நாடகத்தின் 2025-ஆம் ஆண்டுச் சட்டமோ, காரணம் கூறி 14 நாள் முன்னறிவிப்புத் தராமல் ஒருவரை நீக்கலாகாது என்கிறது. நட்சத்திரத்துக்கு அஞ்சுவோர்க்கு இதுவே பெரிது என்பது என் கருத்து. 2025 டிசம்பர் 31 அன்று நாடெங்கும் வேலைநிறுத்தம் நடந்தபின், மத்திய தொழிலாளர் அமைச்சர் கேட்டுக்கொண்டபடி, பிளிங்கிட் 'பத்து நிமிடம்' என்னும் வாசகத்தை 2026 ஜனவரியில் விலக்கியது. வாசகம் விலகிற்று, சாலையில் வேகம் தணிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நம் உறவினரோ ஊராரோ இத்தொழிலில் இருப்பின், இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்துள்ளனரா என்று கேட்டறிக. ஆதார் எண்ணும் அதனோடு இணைந்த கைப்பேசி எண்ணும் இருந்தால் கட்டணமின்றிப் பதியலாம். கிடைக்கும் 12 இலக்க எண் எல்லா மாநிலங்களிலும் செல்லும். புனேயில் பதிந்தவர் நாளை கோவைக்குத் திரும்பினாலும் மீண்டும் பதிய வேண்டுவதில்லை.