கொடி நாள் காசு எங்கே போகிறது?

டிசம்பர் மாதம் 7-ந் தேதி கொடி நாள். பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இது தெரியும்.

வாத்தியார் ஒரு சின்னக் காகிதக் கொடி கொடுப்பார். அதில் மூன்று நிறங்கள் இருக்கும். சிவப்பு தரைப்படைக்கு. கருநீலம் கப்பற்படைக்கு. வெளிர்நீலம் விமானப்படைக்கு. வீட்டில் கேட்டு வாங்கி வந்த காசைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் அதைச் சட்டையில் குத்திக் கொள்வார்கள். சாயங்காலம் அது எங்கேயோ விழுந்துவிடும்.

கொடி விழுந்துவிடும். காசு எங்கே போகிறது?

அது போகும் வழியை நாம் தெரிந்து கொள்ள வேண்டும். அந்த வழி நம் தெருவிலேயே வந்து முடிந்தாலும் முடியும்!

உதிரப்பட்டி

சிவகங்கைச் சீமைக்குப் பட்டாளம் புதிதல்ல. வேலு நாச்சியாரும் மருது சகோதரர்களும் வாள் எடுத்த மண் இது. மருது சகோதரர்களை 1801-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் வெள்ளையர்கள் தூக்கிலிட்டார்கள்.

பழைய தமிழ்நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. போரில் ஒருவன் மாண்டால், அவனுடைய வாரிசுகளுக்கு வரி இல்லாமல் நிலம் விடுவார்கள். அதற்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். உதிரம் என்றால் ரத்தம். சிந்திய ரத்தத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலம் அது.

இன்று ராஜாவும் இல்லை, உதிரப்பட்டியும் இல்லை. அதற்குப் பதிலாகப் பென்ஷன் உண்டு, உதவித் தொகை உண்டு, சலுகைகள் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். நிலம் கண்ணுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதில் உழுது பயிரிடலாம். பென்ஷனோ காகிதத்தில் இருக்கிறது. காகிதம் சரியாக இருந்தால்தான் பணம் வரும்.

மெடல் உண்டு, பென்ஷன் இல்லை

பர்மா என்றால் செட்டிநாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1942-ல் ஜப்பானியர் அங்கே நுழைந்தபோது, கடைகளையும் சொத்துகளையும் விட்டுவிட்டுக் கால்நடையாக ஊர் திரும்பிய நகரத்தார் பலர். அதே பர்மாவில்தான் நம் நாட்டுச் சிப்பாய்கள் காடு மலைகளில் போர் புரிந்தார்கள். அந்த உலக யுத்தத்தில் இந்தியப் படையில் இருந்தவர்கள் 25 லட்சம் பேர்.

1945-ல் யுத்தம் முடிந்தது. லட்சக் கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சாதாரணச் சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால் 15 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். யுத்தத்துக்கென்று சேர்ந்தவர்கள் ஐந்தாறு ஆண்டுதான் இருந்தார்கள். அதனால் மெடல் கிடைத்தது, பென்ஷன் கிடைக்கவில்லை.

பூவும் கொடியும்

இந்தத் துன்பம் நம் நாட்டில் மட்டும் இல்லை. முதல் உலக யுத்தம் முடிந்ததும் இங்கிலாந்திலும் லட்சக் கணக்கான சிப்பாய்கள் வேலையின்றி அலைந்தார்கள். அவர்கள் 1921-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த ஆண்டே நவம்பரில் 'பாப்பி' என்ற சிவப்புப் பூவைப் போலச் செய்து விற்று நிதி திரட்டினார்கள். மறு ஆண்டு, ஊனமுற்ற சிப்பாய்களே அந்தப் பூக்களைச் செய்ய ஒரு தொழிற்சாலை வந்தது. பிச்சையாகக் கேட்காமல், உழைத்துப் பிழைக்க வழி செய்தார்கள்.

அதே 1921-ல் தென் ஆப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், பல நாடுகளின் பழைய சிப்பாய்ச் சங்கங்கள் கூடி ஒரு கூட்டமைப்பை உண்டாக்கின. பென்ஷன் இல்லாமல் முதுமையில் வாடும் பழைய சிப்பாய்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கு உதவுவது அதன் முக்கிய வேலை.

சுதந்திர இந்தியா 1949-ல் கொடி நாளைத் தொடங்கியது. அந்தக் காசு மூன்று காரியங்களுக்குப் போகிறது. போரில் காயம் பட்டவர்களுக்கும் உயிர் இழந்தவர்களின் குடும்பங்களுக்கும் மறுவாழ்வு கொடுப்பது ஒன்று. படையில் இருப்பவர்கள், அவர்கள் குடும்பத்தார் நலம் இரண்டாவது. ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் குடும்பத்தார் நலம் மூன்றாவது.

முதுகெலும்பில் அடிபட்டு எழுந்து நடக்க முடியாத சிப்பாய்களுக்கு கிர்க்கியிலும் மொகாலியிலும் மறுவாழ்வு இல்லங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் கொடி நாள் நிதியிலிருந்து உதவி போகிறது. பென்ஷன் இல்லாத 65 வயதுக்கு மேற்பட்ட ஏழைச் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் உதவி உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கும், மகளின் கல்யாணத்துக்கும் கூட உதவி கேட்கலாம்.

ஓர் எழுத்து செய்யும் வினை

உதவி இருக்கிறது. அது வீடு வந்து சேர்வதுதான் கஷ்டம்.

காளையார்கோவில் பக்கத்தில் ஒரு சிப்பாய் குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். மனைவி பெயர் காளியம்மாள். ராணுவப் பதிவில் 'காளி' என்று எழுதிவிட்டார்கள். ஆதார் அட்டையில் 'காளியம்மை'. கணவன் இருக்கும் வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணை மூடிய பிறகு அந்த அம்மாள் குடும்பப் பென்ஷன் கேட்கிறாள். "மூன்று பெயரும் ஒருவர்தானா?" என்ற கேள்வி வருகிறது.

மெட்ராஸ் ரெஜிமெண்டின் பதிவேடுகள் இருப்பது நீலகிரி வெலிங்டனில். பென்ஷன் உத்தரவு வருவது வடக்கே அலகாபாத்திலிருந்து. அந்த ஊருக்கு இப்போது பிரயாக்ராஜ் என்று பெயர். காளியம்மாள் இரண்டு ஊரையும் பார்த்ததில்லை. யாருக்கு எழுதுவாள்? எந்த மொழியில் எழுதுவாள்?

இங்கேதான் முன்னாள் படைவீரர் சங்கங்களின் உதவி தெரிகிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இத்தகைய சங்கங்கள் இருக்கின்றன. ராணுவத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் சங்கத்தில் இருந்தால் போதும். எந்தக் காகிதம் எங்கே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மனு எழுதிக் கொடுக்கிறார். கூடவே போகிறார். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுகிறார்.

ரத்த தானம் செய்தால் பத்திரிகையில் படம் வரும். ஒரு விதவையின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்திக் கொடுத்தால் எந்தப் படமும் வராது. ஆனால் அந்த வீட்டில் மாதா மாதம் அடுப்பு எரியும்!

நாட்டுக்கு ஒரு மகமை

செட்டிநாட்டு வியாபாரிகளுக்கு 'மகமை' தெரியும். வரவில் ஒரு சிறு பங்கைத் தர்மத்துக்கென்று கணக்கில் எடுத்து வைப்பார்கள். கோயிலுக்கும் 'புள்ளி' கணக்குப் பார்த்து ஒவ்வொரு குடும்பமும் பங்கு கொடுக்கும். கோயில்களும் ஊருணிகளும் பாடசாலைகளும் இப்படி எழுந்தவைதாம். மகமை கொடுப்பவர் அதை இனாம் என்று நினைப்பதில்லை. தன் பங்கு என்றே நினைக்கிறார்.

கொடி நாள் காசும் அப்படித்தான். அது நாட்டுக்கு நாம் வைக்கும் மகமை.

வீட்டில் சிப்பாய் இருப்பவர்கள் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பாருங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? இல்லையென்றால் சிப்பாய் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடுங்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை உயிர்ச் சான்று கொடுக்க மறக்க வேண்டாம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் இருந்து பென்ஷன் இல்லாதவர்களுக்கும், அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசாங்கம் மாதந்தோறும் உதவித் தொகை கொடுக்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு பாட்டி இருந்தால், அவருக்கு இது தெரியுமா என்று விசாரியுங்கள். தெரியாவிட்டால் சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.

வருகிற டிசம்பர் 7-ந் தேதி உங்கள் பிள்ளை கொடிக்குக் காசு கேட்கும். கொடுங்கள். அது யாருக்குப் போகிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.