மாமியை விளித்த இரண்டு பாட்டுகள்

மின்கிற்றாரோடு இலங்கை வானொலிக்கு வந்த முதல் தலைமுறைப் பாட்டுகளை நாம் ஆய்வுக்கு எடுப்பதில்லை. 'துள்ளிசை' என்று ஒரு பெயரை வைத்து ஒதுக்கிவிட்டோம். நான் தமிழ் சிறப்புப் பட்டத்துக்குப் படித்தபோதும் அவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் அவற்றுள் இரண்டைச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

1966இல் தொடங்கிய 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவுக்கு ஆரம்பத்திலேயே பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு 'மேங்கோ களு நெந்தே'. கிளாரன்ஸ் விஜேவர்தனவின் கைவண்ணம். 'களு' கறுப்பு, 'நெந்தா' மாமி. தகப்பனின் சகோதரியும் தாய்மாமன் மனைவியும் பெண் கொடுத்தவளும் சிங்களத்தில் நெந்தாதான். எங்கட மாமியும் அப்படியே மூன்று பேர். ஆங்கிலத்தில் இம்மூவரையும் அடக்கும் ஒரு சொல் இல்லை.

அதே காலத்தை ஒட்டி உரும்பிராய் நித்தி கனகரத்தினம் பாடியது 'சின்ன மாமியே'. மகள் எங்கே என்று மருமகன் கேட்கிறான், மாமி பதில் சொல்கிறாள். இதில் எனக்குப் பிடித்த இடம் அந்தப் பதில்தான். நற்றாய் தலைவனோடு நேரே பேசுவதில்லை என்பது தொல்காப்பியச் செய்யுளியல் விதி. பைலாத் தாளத்தில் வந்த பாட்டு அந்த விதியைச் சத்தமில்லாமல் மீறிவிட்டது! இலக்கியத்தில் வாய் திறக்காதவள் வீட்டு வாசலில் நின்று கதைக்கிறாள்.

பாட்டு யாழ்ப்பாணத்துப் பேச்சில் இருந்தாலும் மட்டக்களப்பில் அதற்கு இன்னும் கனம் கூட. இங்கே வீடு மகளுக்கு. மாப்பிள்ளை போய்க் குடியிருப்பது மாமி வீட்டில். ஆகவே கேட்கவேண்டியதும் மாமியிடம்தான். தாய்வழிக் குடிமுறையும் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. கோயிலில் குடிகளுக்கு உரிமை இருப்பதுபோல, பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் என்ற வழக்கம் நம்மிடமும் உண்டு.

கொக்கட்டிச்சோலையில் படிப்பிக்கும்போது இதைச் சொன்னேன். "சேர், நீங்களும் மாமி எண்டுதான் சொல்றயளா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கேட்டதில் பிழையில்லை. 1987இலும் 1991இலும் இந்த ஊர் தன் மக்களைப் பறிகொடுத்தது. இடையில், 1990இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நம்மவர்கள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் வாவியின் இரு கரைப் பிள்ளைகளும் ஒருவர் வீட்டுப் பேச்சை மற்றவர் கேட்காமலேதான் பெரும்பாலும் வளர்ந்தார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பாதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, நிமிடத்தில் வந்துவிடலாம். வீட்டுக்குள் போய்வருவது வேறு கதை.

"மாமி, மச்சான், மருமகன், எல்லாம் அதே சொல்தான்" என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது: "அப்ப உங்கட குடி என்ன சேர்?"