சி.எஸ்.இ. கிடைக்கலைன்னா அவ்வளவுதானா? இன்ஜினியரிங் பிரிவு எடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

"நல்ல காலேஜ்ல மெக்கானிக்கல் கிடைக்கும். சுமாரான காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். எதைப் போடுறது?"

பிளஸ் 2 ரிசல்ட் வந்த நாளிலிருந்து மதுரை காளவாசல் பக்கம் டீக்கடை, பிரவுசிங் சென்டர், பஸ் ஸ்டாப் என எங்கே நின்றாலும் காதில் விழும் கேள்வி இது. சொந்தக்காரர்கள் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "சி.எஸ்.இ. போடு, மத்ததை அப்புறம் பார்க்கலாம்."

காளவாசல் என்றாலே செங்கல் சூளை என்றுதான் அர்த்தம். கட்டுமானத்தின் பெயரைச் சுமக்கிற ஊர்ப்பகுதியில், பிள்ளைகளின் விருப்பப் பட்டியலில் சிவிலுக்குக் கடைசி இடம். அது சரியா?

முதலில் கணக்கு

தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கைக்கு 200-க்குத்தான் கட்-ஆஃப். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதத்தில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்தவருக்கு 92 + 40 + 42 = 174. இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் கணித மார்க் அதிகம் உள்ளவர் முன்னால் போவார். அதிலும் சமம் என்றால் இயற்பியல்.

பட்டியல் வரிசையில் கோட்டை விடாதீங்க

ஒரு காலத்தில் ராத்திரி பஸ் ஏறி சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்து சீட் எடுத்தார்கள். என்ன காலி என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். 2018-ல் கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறியது. இப்போது கல்லூரியையும் பிரிவையும் ஜோடி ஜோடியாகப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து பார்க்கும். முதலில் எது காலியோ அதைக் கொடுத்துவிடும். கீழே இருப்பதைத் திரும்பிப் பார்க்காது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "எப்படியும் கிடைச்சிடும்" என்று ஒரு கல்லூரியை மேலே போட்டால், அதுவே கிடைத்துவிடும். ஆசைப்பட்டது ஐந்தாவது இடத்தில் காலியாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கலாம் என்ற வாய்ப்பும், பட்டியலில் அதற்கு மேலே உள்ளவற்றுக்கு மட்டும்தான். அதனால் கிடைக்குமா கிடைக்காதா என்று யோசிக்காமல், பிடித்த வரிசையிலேயே போடுவதுதான் புத்திசாலித்தனம். எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

சி.எஸ்.இ.-க்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

சம்பளம்தான். அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு விஷயம் மாறியிருக்கிறது. 2024-25 கல்வி ஆண்டிலிருந்து, நன்றாகச் செயல்படும் கல்லூரிகளில் ஒரு பிரிவுக்கு இவ்வளவு சீட்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவுகளில் சீட் பெருகியது. ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, ஐ.ஓ.டி. எனப் புதுப் பெயர்களும் வந்தன. கோர் பிரிவுகளுக்கு ஆள் சேராமல் மூடிய கல்லூரிகளும் உண்டு. எல்லோர் கையிலும் ஒரே டிகிரி இருக்கும்போது, டிகிரி பெயர் மட்டும் வேலை வாங்கித் தராது.

கோர் எடுத்தா ஐ.டி. போக முடியாதா?

போகலாம். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கேம்பஸில் மொத்தமாக ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் எல்லாப் பிரிவினரையும் அனுமதிக்கின்றன. மார்க், அரியர் இல்லாமை, கோடிங் தேர்வு இவைதான் கேட்கப்படும். சி.எஸ்.இ., ஐ.டி. மட்டும் போதும் என்று சொல்லும் நிறுவனங்களும் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள் இ என எல்லோருக்கும் பைத்தான் உண்டு.

ஆனால் இது ஒருவழிப் பாதை. ட்ரிபிள் இ படித்தவர் ஐ.டி. கம்பெனிக்குப் போகலாம், சி.எஸ்.இ. படித்தவர் பல கோர் பணிகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. மத்திய அரசின் யு.பி.எஸ்.சி. இன்ஜினியரிங் சர்வீஸ் தேர்வில் நான்கு பிரிவுகள்தான்: சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டெலிகம்யூனிகேஷன். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தனியாக இடம் இல்லை. நெடுஞ்சாலை, பொதுப்பணி போன்ற துறைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. பெரும்பாலும் தேடுவது சிவில் ஆட்களை. அரசு வேலைதான் கனவு என்றால் இதை இப்போதே பார்த்துவிட வேண்டும்.

உள்ளூரையே பாருங்கள். காளவாசலில் இருந்து எட்டும் தூரத்தில் கோச்சடையில் ஃபென்னர் பெல்ட் தொழிற்சாலை, மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலை. இன்னும் சுவாரசியம் தேனி ரோட்டில் வடபழஞ்சி எல்காட் ஐ.டி. பார்க். அங்கே 2022-ல் திறக்கப்பட்ட பினாக்கிள் இன்ஃபோடெக் நிறுவனத்தின் வேலை, கட்டடங்களைக் கட்டும் முன்பே கம்ப்யூட்டரில் முழு மாடலாக உருவாக்குவது. பீம், தூண் மட்டுமல்ல, ஏ.சி. குழாய், வயரிங் வரை. இது சிவிலும் மெக்கானிக்கலும் தெரிந்தவர்களுக்கான வேலை, உட்கார்ந்திருப்பது ஏ.சி. ரூமில். "பொண்ணு வெயில்ல சைட்ல நிக்கணுமா" என்று தயங்கும் பெற்றோருக்கும் இது ஒரு பதில்.

அதற்காக எல்லோரும் கோர் எடுங்கள் என்று சொல்ல முடியாது. பல கோர் நிறுவனங்களில் ஆரம்பச் சம்பளம் குறைவு, ஷிப்ட் உண்டு, வெளியூர் உண்டு. கல்விக் கடனை உடனே கட்ட வேண்டிய வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. கோடிங் உண்மையிலேயே பிடித்த பிள்ளையை மெக்கானிக்கலில் தள்ளுவதும் அநியாயம். பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: அந்தப் பிரிவின் மூன்றாவது செமஸ்டர் பாடங்களின் பெயர்களை எடுத்து, ஆளுக்கொரு யூடியூப் வகுப்பு பார்க்கச் சொல்லுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சரா, தெர்மோடைனமிக்ஸா, சர்க்யூட்டா? அரை மணி நேரத்திலேயே பாதி பதில் தெரிந்துவிடும்.

கல்லூரியில் எதைக் கேட்கணும்?

வாசலில் ஒட்டியிருக்கும் "நாக்" கிரேடு மொத்தக் கல்லூரிக்கானது. "என்.பி.ஏ." அங்கீகாரம் பிரிவு வாரியாகத் தரப்படுவது. சி.எஸ்.இ.-க்கு இருந்து, நீங்கள் எடுக்கப்போகும் புதுப் பிரிவுக்கு இல்லாமலும் இருக்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்கும்போது "அதிகபட்ச சம்பளம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள், அது ஒரே ஒருவர் வாங்கியது. "இந்தப் பிரிவில் படிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு வேலை, என்ன வேலை" என்று கேளுங்கள்.

புதுப் பெயர் உள்ள பிரிவு என்றால் இன்னொன்றும் உண்டு. டிகிரி சான்றிதழில் என்ன பெயர் வரும், அது அரசுப் பணிக்கு எந்த டிகிரிக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா என்று விசாரியுங்கள். நான்கு வருஷம் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு கேட்டால் தாமதம். கடைசியாக, பட்டியலை லாக் செய்வதற்கு முன் கல்லூரியின் கவுன்சலிங் கோடை ஒருமுறை சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் தமிழ்நாட்டில் நிறைய கல்லூரிகள் இருக்கின்றன.