திண்ணைத் தாத்தாவும் 94 என்ற எண்ணும்

விநாடிக்கு 200 மெகாபிட் வேகம் என்று சொல்லி மாதாமாதம் பணம் கட்டுகிறோம். மேசைக் கணினியில் சோதித்தால் 94 காட்டுகிறது. விடியற்காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. ரூட்டர் பழசாகிவிட்டது என்று நான்கு ஆன்டெனா வைத்த புதியதை வாங்கி மாட்டுகிறோம். அதே 94. இந்த எண் ஏன் இப்படி அசையாமல் நிற்கிறது என்று பிடித்துக்கொண்டே போனால், வீட்டுக்கோ சிறிய அலுவலகத்துக்கோ எந்த ரூட்டர் வேண்டும் என்பதும் கூடவே விளங்கிவிடும். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகவே போவோம்.

முதலில், நம் எல்லோருக்கும் இருக்கும் ஓர் எண்ணத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ரூட்டர் என்றால் வைஃபை என்றே நினைக்கிறோம். கடையில் போய் நின்றாலும் முதல் கேள்வி, “சிக்னல் மாடி வரைக்கும் வருமா?” என்பதுதான். ஆனால் அந்த ஒரே பெட்டிக்குள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். மூவருக்கும் வேலை வேறு வேறு.

அந்தக் காலத்துக் கூட்டுக்குடும்ப வீடு ஒன்றை நினைத்துக்கொள்வோம். வெளியுலகத்துக்கு அந்த வீடு ஒரே கதவு எண். உள்ளே பன்னிரண்டு பேர். திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். வீட்டிலிருந்து யார், யாருக்குக் கடிதம் போட்டாலும் நோட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரியவரிடம் கொடுப்பார். இங்கிருந்து யாருமே எழுதாத விஷயத்துக்கு ஒருவர் வந்து நின்றால், வாசலோடு அனுப்பிவிடுவார். ரூட்டர் என்பது இந்தத் தாத்தாதான்.

பழைய இணைய விலாச முறையில் உலகம் முழுவதற்கும் இருப்பவை சுமார் 430 கோடி எண்கள்தான். ஒவ்வொரு போனுக்கும் கணினிக்கும் தனி எண் கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் வீட்டுக்கு வெளியே ஒரு விலாசம், உள்ளே 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு விலாசங்கள். பக்கத்து வீட்டிலும் அதே 192.168 இருக்கலாம், குழப்பம் வராது. உள்விலாசத்தையும் வெளிவிலாசத்தையும் மாற்றி மாற்றி எழுதும் இந்த நோட்டு வேலைக்குத்தான் என்ஏடி என்று பெயர்.

இரண்டாமவர் கூடத்தில் இருக்கிறார். கணினியிலிருந்து பிரிண்டருக்கு ஒரு பில் போக வேண்டும் என்றால் அது திண்ணைக்குப் போக வேண்டியதில்லை, உள்ளேயே கைமாறிவிடும். அந்தக் கைமாற்றல் ஸ்விட்ச்சின் வேலை. மூன்றாவதுதான் வைஃபை. அது குரல் கொடுப்பது போல. சுவரைத் தாண்டத் தாண்டத் தேயும். ஒருவர் பேசும்போது அந்த அலைவரிசையில் மற்றவர் காத்திருக்க வேண்டும். கேபிள் என்பது கையில் கொடுத்துக் கையில் வாங்குவது. கொடுப்பதும் வாங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

வயர்டு ரூட்டரில் தாத்தாவும் கூடமும் உண்டு, குரல் கிடையாது. குறைபோலத் தோன்றும்; உண்மையில் அதுதான் வசதி. கீழ்த்தளத்தில் ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கணினி, ஒரு பிரிண்டர், கேமரா ரெக்கார்டர். எதுவும் இடம் மாறாது. அவற்றைக் கேபிளில் கட்டிவிட்டால் வைஃபை முழுக்கப் போன்களுக்கு மிச்சமாகும். ரூட்டர், ஃபைபர் உள்ளே வரும் மூலையிலேயே இருக்கலாம். குரல் கொடுக்கும் பெட்டியை, அதாவது ஆக்சஸ் பாயின்ட்டை, நடுக்கூடத்துக் கூரையில் தனியாக மாட்டலாம். நாளை புதிய வைஃபை வந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். போர்ட் போதவில்லை என்றாலும் ரூட்டரை மாற்ற வேண்டாம், ஒரு ஸ்விட்ச் வாங்கிச் சேர்த்தால் போதும்.

இப்போது 94க்கு வருவோம். மலிவான ரூட்டர் அட்டைப்பெட்டிகளில் 300 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது குரலின் கணக்கு. பின்னால் நெட் உள்ளே வரும் போர்ட் எவ்வளவு என்பது சின்ன எழுத்தில் இருக்கும்: 10/100. அதாவது விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் அந்த வாசலில் நுழையாது. அதிலும் நூற்றில் ஐந்தாறு பங்கு, கடிதத்தின் உறைக்கும் விலாசத்துக்குமே போய்விடும். மிஞ்சுவது 94. ஆகவே 10/100/1000 அல்லது கிகாபிட் என்று எல்லா போர்ட்டுக்கும் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கிகாபிட் போர்ட் இருந்தும் 94 வருகிறதா? கேபிளைப் பாருங்கள். அதற்குள் எட்டுக் கம்பிகள். 100க்கு நான்கு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கியோ, முனையில் சரியாக அழுத்தாமலோ கிகாபிட்டுக்கு மட்டும் வேண்டிய நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இரு பக்கமும் பேசி 100க்கு இறங்கிக்கொள்வது உண்டு. விளக்கு எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகமே வராது. கேட்-5ஈ அல்லது கேட்-6 கேபிள், 100 மீட்டருக்குள், எட்டுக் கம்பியும் சரியாக இருந்தால் கிகாபிட் வந்துவிடும்.

வாசல் அகலமாகிவிட்டது. தாத்தாவின் கை வேகம்? ஒரு கடிதம் 1500 பைட் அளவு. கிகாபிட் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 81,000 கடிதங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் நோட்டைப் பார்க்க வேண்டும். எனவே, என்ஏடி வேலையோடு சேர்த்து எவ்வளவு வேகம் தாங்கும் என்று தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் எண்ணைக் கேளுங்கள். டிபி-லிங்க் இஆர்605, மைக்ரோடிக் ஹெக்ஸ் இரண்டிலும் ஐந்து கிகாபிட் போர்ட்கள், வைஃபை இல்லை. முன்னதை அமைப்பது எளிது. பின்னதைக் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும், கற்றபின் நிறையச் செய்யலாம்.

வேகம் போதுமாக இருந்தும் வீடியோ கால் திக்குவது உண்டு. ரேஷன் கடையில் ஒருவர் இருபது பைகளோடு நிற்க, பின்னால் நாம் ஒரு பாக்கெட் உப்புக்காக நிற்கும் நிலை அது. யாரோ பெரிய ஃபைலை மேலே ஏற்றுகிறார், நம் குரல் அதன் பின்னால் காத்திருக்கிறது. நல்ல ரூட்டர் சின்ன வேலைகளை இடையிடையே முன்னே போகவிடும். அதற்கான அமைப்பு கியூஓஎஸ். அதில் வேகத்தை, உண்மையில் வருவதைவிடச் சற்றுக் குறைவாகக் குறிக்க வேண்டும். அப்போதுதான் வரிசை நம் தாத்தாவிடம் நிற்கும், அவரால் ஒழுங்குபடுத்த முடியும்.

அலுவலகத்தில் இரண்டு நிறுவனங்களின் இணைப்பை ஒரே ரூட்டரில் வாங்கலாம். 100ம் 100ம் சேர்ந்து ஒரே டவுன்லோடு 200 வேகத்தில் வராது. ஒரு கடிதப் போக்குவரத்து ஒரே வழியில்தான் போகும். ஆனால் தெருவில் பள்ளம் தோண்டி ஒன்று அறுந்தால், மற்றொன்றில் வேலை நடக்கும். ஜிஎஸ்டி தாக்கல் கடைசி நாளில் அது பெரிய நிம்மதி.

இன்னொன்று: நிறுவனம் தரும் ஃபைபர் பெட்டிக்குள்ளும் ஒரு தாத்தா இருப்பார். நாமும் ஒருவரை வைத்தால் இரண்டு திண்ணை, இரண்டு நோட்டு. சாதாரணமாக இணையம் பார்ப்பதற்கு ஒன்றும் ஆகாது. வெளியூரிலிருந்து கேமராவைப் பார்க்கும்போது சிக்கல் வரலாம். பெட்டியைப் பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது அதன் தாத்தா ஒதுங்கிக்கொள்ளும் நிலைக்கு, மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். மாற்றியபின் பயனர் பெயர், கடவுச்சொல் போன்ற விவரங்களை நம் ரூட்டரில் போட வேண்டியிருக்கும். அவற்றை முன்னமே வாங்கி எழுதிவையுங்கள். ரூட்டரோடு வந்த கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள். திண்ணைச் சாவி ஊரறிய இருக்கக்கூடாது.

இவ்வளவும் தெரிந்தபின், கடைக்குக் கிளம்புமுன் ஒரு வேலை. நல்ல கேபிள் ஒன்றால் கணினியை நேரே ஃபைபர் பெட்டியில் செருகுங்கள். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 1000 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 1000 காட்டி, சோதனையிலும் 200 வந்துவிட்டால், குறை நம் ரூட்டரிலோ உள்கேபிளிலோ இருக்கிறது. அப்போது ரூட்டருக்குப் போகும் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு புதிய ரூட்டரின் விலையில் சிறு பங்குதான். பல வீடுகளில் 94 அதோடு போய்விடும்.